டெலிகாஸ்டரில் எதைப் பழையபடி விட வேண்டும், எதை மாற்ற வேண்டும்

ஃபெண்டர் நிறுவனம் 2022இல் வெளியிட்ட அமெரிக்கன் விண்டேஜ் II வரிசையின் 1951 டெலிகாஸ்டரையும் (அந்த ஆண்டின் மின்கிட்டாரைப் பழையபடியே மறுபடி செய்தது), அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வந்த அமெரிக்கன் புரொஃபெஷனல் II டெலிகாஸ்டரையும் ஒரே ஆம்ப்பில் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தால், பழையதை அப்படியே விடுவதா, திருத்துவதா என்று கிட்டார் உலகில் ஓயாமல் நடக்கும் ஒரு வழக்கின் இரு தரப்புகளும் நம் மடியிலேயே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இரண்டும் கலிபோர்னியாவின் கொரோனா தொழிற்சாலையில் செய்யப்படுபவை. இரண்டிலும் தந்தியின் நீளம் அதே இருபத்தைந்தரை அங்குலம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கிட்டார்தான். வேறுபாடு பெரும்பாலும் பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்), ட்யூனிங் கீ, நெக்கின் மேற்பரப்பு வளைவு, ட்ரஸ் ராடின் (நெக்கின் உள்ளே செல்லும் உலோகக் கம்பியின்) திருகு இருக்கும் இடம் ஆகியவற்றில்தான் இருக்கிறது. தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்கப்புகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்பதால் இந்த மதிப்புரையில் அவற்றைத் தொடவில்லை.

விண்டேஜ் மாதிரியின் பிரிட்ஜிலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் சண்டை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. ஓரங்கள் மேல்நோக்கி மடிக்கப்பட்ட மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று. அதன் மேல் விரலின் பருமன்கூட இல்லாத மூன்று பித்தளை உருளைகள். ஒவ்வோர் உருளையின் மீதும் இரண்டு தந்திகள். உருளையின் இரு முனைகளிலும் உள்ள சிறு திருகுகள் உயரத்தை மாற்றுகின்றன. பின்பக்கத்திலிருந்து வரும், ஸ்பிரிங் சுற்றிய நீண்ட திருகு உருளையை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் நிறுவனர் லியோ ஃபெண்டர் செய்துகொண்டிருந்த பிரிட்ஜ் இதுதான், அப்படியே இப்போதும் வருகிறது.

இதன் குறை கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. தந்தியை ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) அழுத்தும்போது அது சற்று இழுபடுவதால் சுருதி ஏறுகிறது. அந்த ஏற்றத்தைச் சரிக்கட்ட ஒவ்வொரு தந்திக்கும் சற்றே வேறுபட்ட நீளம் தேவைப்படுகிறது. ஆறு தந்திகளுக்கு ஆறு நீளம் வேண்டிய இடத்தில் மூன்று உருளைகள்தாம் இருக்கின்றன என்றால், ஆறாம் தந்தி 12ஆம் ஃப்ரெட்டில் சரியாக நிற்கும்போது ஐந்தாம் தந்தி விலகி நிற்கும். ஐந்தாவதைச் சரிசெய்தால் ஆறாவது விலகும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தை வைத்துக்கொள்வதுதான் வழக்கம். பழைய ஆட்களில் சிலர் அந்த நீண்ட திருகையே சற்று வளைத்து, உருளையைச் சாய்த்து வைத்துக்கொள்வார்கள். நான் வாசித்த விண்டேஜ் மாதிரியில், திறந்த தந்திகளில் துல்லியமாகச் சுருதி சேர்த்த பிறகும், 9ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் ஈ மேஜர் கார்டு பிடித்தபோது ஒரு மெல்லிய புளிப்பு காதில் பட்டது. அது பழுதன்று, அமைப்பின் இயல்பு.

லியோ ஃபெண்டருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துத் தந்திக்கட்டுகளில் மூன்றாம் தந்தியும் கம்பி சுற்றியதாகவே இருந்தது. தந்திகள் இன்றையவற்றைவிடத் தடிமனாகவும் இருந்தன. வாசிப்பு பெரும்பாலும் நெக்கின் கீழ்ப்பகுதியிலேயே நடந்தது. அந்த நிலையில் மூன்று உருளைகள் ஓரளவுக்குப் போதுமானவையாக இருந்தன. 1960களில் சுற்று இல்லாத மூன்றாம் தந்தியுடன் மெல்லிய தந்திக்கட்டுகள் பரவியபோதுதான் நான்காம் தந்தியும் மூன்றாம் தந்தியும் ஒரே உருளையில் ஒத்துப்போக மறுத்தன. அதாவது, மாறியது தந்தி. மாறாமல் நின்றது பிரிட்ஜ். விண்டேஜ் அமைப்பை முழுதாகப் போற்றுகிறவர்களும் பெரும்பாலும் கம்பி சுற்றிய மூன்றாம் தந்தியைப் போட்டு வாசிப்பதில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கலாம்.

இதற்கு நேரான மருந்து, தந்திக்கு ஒன்றாக ஆறு சேடில்கள் (தந்தியைத் தாங்கும் துண்டுகள்; அந்த உருளைகளும் சேடில்கள்தாம்). 1988இல் வந்த அமெரிக்கன் ஸ்டாண்டர்டு டெலிகாஸ்டரில் ஃபெண்டரே அதைச் செய்தது. இன்டொனேஷன் பிரச்சினை, அதாவது ஃப்ரெட்டுகளில் சுருதி விலகுவது, அத்தோடு தீர்ந்தது. ஆனால், வாங்குபவர்களில் கணிசமானோர் அந்தக் கிட்டாரில் டெலிகாஸ்டரின் ஒலி இல்லை என்று சொல்லி, பழைய உருளைகளை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். இரண்டு தந்திகளின் அழுத்தமும் ஒரே உருளையின் மீது விழும்போது அது தட்டில் இன்னும் இறுக்கமாக உட்காருகிறது என்பது அவர்கள் தரப்பு வாதம். ஆம்ப் இல்லாமல் வெறுமனே மீட்டும்போது இந்த வேறுபாடு எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. ஆம்ப்பில் சொருகி, டிரம்ஸும் பேஸும் கூடவே ஒலிக்கும்போது கேட்கிறது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அமெரிக்கன் புரொஃபெஷனல் வரிசை 2017இல் வந்தபோது ஃபெண்டர் மீண்டும் மூன்று சேடில்களுக்கே திரும்பியது. ஆனால், ஒவ்வொரு சேடிலிலும் இரண்டு தந்திகளும் சற்று வெவ்வேறு இடத்தில் தொடும்படி வடிவத்தைத் திருத்தியது. 2020இன் இரண்டாம் பதிப்பிலும் அதே வழிதான் தொடர்கிறது. வெளியாட்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்து விற்றுவந்தார்கள்; கிட்டார் கலைஞர் டேனி காட்டன் பெயரில் ஜோ பார்டன் செய்த பிரிட்ஜ், ஜப்பானின் கோட்டோ நிறுவனம் செய்யும் சேடில்கள் ஆகியவை அவற்றுள் நன்கு அறியப்பட்டவை. புரொஃபெஷனல் II மாதிரியில் அதே ஈ மேஜரை அதே இடத்தில் பிடித்துப் பார்த்தேன், புளிப்பு இல்லை. ட்யூனரில் வைத்து அளந்தால் இன்னும் ஒரு நூலளவு பிசகு தெரியலாம், காதுக்கு எட்டவில்லை. மூன்று உருளைகளின் இறுக்கமும் இருக்கிறது, சுருதியும் நிற்கிறது. இத்தனை எளிய தீர்வு தொழிற்சாலைக்குள் நுழைய ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதுதான் எனக்கு வியப்பு.

பழையதெல்லாம் குறையுடையது, புதியதெல்லாம் தேர்ந்தது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. விண்டேஜ் மாதிரியின் ட்யூனிங் கீகள் க்ளூசன் என்ற பழைய நிறுவனத்தின் பாணியில் அமைந்தவை. தந்தி சுற்றும் கம்பத்தின் உச்சியில் ஒரு பிளவு, அதன் நடுவே கீழ்நோக்கி ஒரு துளை. தந்தியை வேண்டிய நீளத்துக்கு முதலிலேயே வெட்டி, முனையைத் துளைக்குள் இறக்கி, பிளவின் வழியே மடித்துச் சுற்ற வேண்டும். முதல் முறை செய்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். பழகியபின் இதைவிட ஒழுங்கான ஏற்பாடு இல்லை. வெட்டுப்பட்ட முனை உள்ளேயே அடங்கிவிடுவதால் விரலில் குத்துவதில்லை, உறையைக் கிழிப்பதில்லை. எடையும் குறைவு, தலைப்பகுதி கனத்துக் கீழே சாய்வதில்லை. புரொஃபெஷனல் II மாதிரியில் இருக்கும் வார்ப்பு ட்யூனர்கள் சற்று மென்மையாகச் சுழல்கின்றன, கம்பங்கள் படிப்படியாகத் தாழ்ந்து செல்வதால் தந்தி நட்டின் (நெக்கின் தலைமுனையில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டின்) மேல் சரியான கோணத்தில் இறங்குகிறது. ஆனால், பக்கவாட்டுத் துளையில் கோத்து முறுக்கும் அந்தப் பழைய எரிச்சல் அங்கேதான் இருக்கிறது. இந்த ஒன்றில் 1951க்கே என் வாக்கு.

பிரிட்ஜ் தட்டின் மடித்த ஓரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகளின் மேல் வைத்து ஒலியை அடக்கி வாசிப்பவர்களுக்கு அந்த விளிம்பு இடிக்கிறது. முதலில் அதன் மேல் ஒரு மூடியும் இருந்தது. வாங்கியவர்கள் அதைக் கழற்றிச் சாம்பல் கிண்ணமாகப் பயன்படுத்தினார்கள், அந்தப் பெயரே அதற்கு நிலைத்தும்விட்டது. ஓரத்தைக் குறைத்தால் ஒலி கெடும் என்பதற்கு நம்பும்படியான காரணம் எதையும் நான் கேட்டதில்லை.

நெக்குக்கு வருவோம். 1951 மாதிரியின் ஃப்ரெட்போர்டு 7.25 அங்குல ஆரத்தில் வளைந்திருக்கிறது. புரொஃபெஷனல் II மாதிரியில் அது 9.5 அங்குலம். ஆரம் சிறியதானால் பலகை அதிகமாக உருண்டிருக்கும். பார்ரே கார்டில் பல தந்திகளை ஒன்றாக அழுத்தும் விரலுக்கு அது இதமாக இருக்கிறது, மணிக்கணக்கில் ரிதம் வாசித்தாலும் கை சோர்வதில்லை. சிக்கல் தந்தியை இழுக்கும்போதுதான். முதல் தந்தியை மேல் ஃப்ரெட்டுகளில் நன்றாக இழுத்தால், அது பலகையின் உருண்ட நடுப்பகுதியைக் கடக்கையில் அடுத்த ஃப்ரெட்டில் இடித்துச் செத்துவிடுகிறது. தந்தியின் உயரத்தைக் கூட்டினால் தப்பிக்கலாம்; கூட்டினால் இடக்கைக்கு வேலை கூடும். கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்க முனைபவர்களுக்கு இது ஒரு சிறு விஷயமல்ல. இரண்டு, மூன்று ஸ்வரங்களை ஒரே ஃப்ரெட்டிலிருந்து இழுத்து கமகம் கொண்டுவர வேண்டிய இடத்தில் தந்தி நடுவழியில் நின்றுவிட்டால் பிறகு என்ன செய்வது? அவர்களுக்கு 7.25 அங்குல நெக்கை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பலகையின் இந்த உருண்ட வளைவை மாற்ற வேண்டுமானால் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிப் பலகையைச் செதுக்கி மீண்டும் பதிக்க வேண்டும்; அது வீட்டில் செய்கிற வேலையும் அல்ல, மலிவான வேலையும் அல்ல.

விண்டேஜ் மாதிரியில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத ஒன்று ட்ரஸ் ராடின் திருகு இருக்கும் இடம். நெக்கின் நீளவாக்கு வளைவைத் திருத்தும் அந்தத் திருகு, 1950களில் இருந்ததைப் போலவே, நெக் உடலோடு சேரும் முனையில் உள்ளே மறைந்திருக்கிறது. கால் சுற்றுச் சுற்றுவதற்காகத் தந்திகளைத் தளர்த்தி, பின்பக்கத்தின் நான்கு திருகுகளைக் கழற்றி, நெக்கைத் தூக்கி, சுற்றிவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, சுருதி சேர்த்து, போதவில்லை என்று தெரிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புரொஃபெஷனல் II மாதிரியில் தலைப்பகுதியில் உள்ள துளைக்குள் சாவியை விட்டுத் திருகினால் முடிந்தது. சென்னையைப் போன்ற ஊரில், குளிரூட்டிய அறைக்கும் ஐப்பசி மழையின் ஈரத்துக்கும் நடுவே நெக் தன் நீளவாக்கு வளைவை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்குச் சில முறையாவது அந்தத் திருகைத் தொட வேண்டிவரும். ஒலிக்கும் இந்தத் திருகின் இடத்துக்கும் தொடர்பு உண்டு என்று வாதிடுபவர்கள் மிகச் சிலரே. தலையில் துளை தெரிந்தால் தோற்றம் கெடும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதற்காக வாசிப்பவரைத் தண்டிப்பது அநியாயம். இதே கடற்கரை ஊர்களில், வியர்வையும் உப்புக்காற்றும் பட்டு, சேடிலின் சிறு திருகுகள் துருவேறி இறுகிவிடுவதும் உண்டு. வாங்கியவுடன் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துவிடுவது நல்லது.

உற்பத்தியாளர்கள் மாற்றத்துக்கு அஞ்சுவதற்கும் காரணம் இருக்கிறது. கிப்சன் நிறுவனம் 2015ஆம் ஆண்டு மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் தானாகச் சுருதி சேர்க்கும் மோட்டார் ட்யூனர்கள், அகலப்படுத்திய நெக், உயரத்தை மாற்றக்கூடிய பித்தளை நட்டு ஆகியவற்றை ஒரே நேரத்தில் புகுத்தியது. வாடிக்கையாளர்கள் அவற்றை ஏற்கவில்லை. மறு ஆண்டே பழைய பாணிக் கிட்டார்களைத் தனி வரிசையாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதைப் பார்த்தவர்கள் எதையும் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்தால் வியப்பதற்கில்லை. ஆனால், அங்கே மறுக்கப்பட்டது மாற்றம் அல்ல, கேட்காத மாற்றம். ட்யூனிங் கீயைக் கையால் திருகுவது ஒருவருக்கும் பாரமாக இருந்ததில்லை. நெக் உடையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கிப்சனின் லெஸ் பால் கிட்டார் வைத்திருப்பவர்களின் நெடுநாள் கவலை, அதை அந்த மோட்டார்கள் தீர்க்கவும் இல்லை.

லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை 1965இல் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸுக்கு விற்றுவிட்டார். 1980இல் ஜார்ஜ் ஃபுல்லர்டனோடும் டேல் ஹயட்டோடும் சேர்ந்து ஜி அண்ட் எல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1991இல் இறக்கும்வரை அவர் அங்கே செய்துகொண்டிருந்தது பழைய டெலிகாஸ்டரின் நகல் அல்ல. ஆறு தனித்தனிச் சேடில்களையும், அவற்றைப் பக்கவாட்டிலிருந்து ஒரே திருகால் நெருக்கிப் பூட்டும் பிரிட்ஜையும் அவர் அங்கே உருவாக்கினார். சேடில்கள் தனித்தனியே நகரவும் வேண்டும், ஒன்றாக இறுகவும் வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் முயற்சி அது. 1951இன் அமைப்பைத் தொடக் கூடாது என்று சொல்பவர்கள், அதைச் செய்தவரே அதைத் தொட்டுக்கொண்டே இருந்தார் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

வாங்க நினைப்பவருக்குச் சொல்லக்கூடியது இதுதான். அமெரிக்காவில் 2,000 டாலருக்கு மேல் விலையுள்ள விண்டேஜ் II, கையில் எடுத்தவுடன் மனத்தைப் பறிக்கிற கிட்டார். நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) மெருகுப் பூச்சும் பருத்த நெக்கும் அதற்கு ஒரு காரணம். ரிதம் வாசிப்பவராகவும், நெக்கைக் கழற்றி மாட்ட அஞ்சாதவராகவும் இருந்தால், அதை வாங்கி, சேடில்களை மட்டும் திருத்திய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அது ஒரு ஸ்க்ரூடிரைவரோடு அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. கழற்றிய பித்தளை உருளைகளைப் பத்திரமாகப் பெட்டியிலேயே போட்டு வைத்தால், பின்னொரு நாள் விற்கும்போது கேட்பவரிடம் கொடுக்கலாம். தந்தியை இழுத்து வாசிப்பவர், மேடைக்கு மேடை கிட்டாரைக் கொண்டுபோகிறவர், ஒரே கிட்டாரை மட்டும் வைத்திருக்கப்போகிறவர் ஆகியோருக்கு விலை குறைவான புரொஃபெஷனல் II போதும். அதன் ட்யூனர்கள் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கம்பத் துளைகளின் அளவு பொருந்துகிறதா என்று முதலில் அளந்து பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.