காலிஃபிளவர் புழுவுக்கு பி.டி. பவுடர்: இந்த போகத்தில் அடித்துப் பார்த்தது

ஓசூர் பக்கம் அரை ஏக்கரில் காலிஃபிளவர் வைத்திருக்கிறோம். நட்டு இருபத்தைந்தாம் நாளே இலையெல்லாம் சல்லடை. திருப்பிப் பார்த்தால் அடியில் அரிசி நீளத்துக்குப் பச்சைப் புழு. விரல் பட்டதும் துள்ளி விழுந்து நூலில் தொங்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுதான். எந்த மருந்துக்கும் சீக்கிரம் பழகிவிடும் இனம். அதனால் இந்தத் தடவை பி.டி. என்கிற பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பவுடர், குர்ஸ்டாகி ரகம் வாங்கினேன். மண்ணில் இருக்கிற பாக்டீரியா.

லிட்டருக்கு 2 கிராம். கோஸ் வகை இலையில் தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடும், ஒட்டுப்பசை சேர்த்தே ஆக வேண்டும். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைய நனைய அடித்தேன். புழு தின்றால்தான் வேலை செய்யும். மேலே பட்டால் மட்டும் போதாது.

மறுநாள் காலையில் புழுக்கள் உயிரோடுதான் இருந்தன. மனசு கேட்காமல் ஒரு இலையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் புது எச்சம் ஒன்றுகூட இல்லை. தின்பதை நிறுத்தியிருந்தன! பாக்டீரியாவின் புரதப் படிகம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து குடல் சுவரை ஓட்டையாக்கிவிடுகிறது. மூன்றாம் நாள் கறுத்து, துவண்டு கிடந்தன. பொறிவண்டும் சிலந்தியும் அப்படியே நடமாடின. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு இது கேட்காது, அதற்கு வேப்பெண்ணெய்தான்.

இதற்கு முன் ஒரு கடையில் வாங்கிய பாக்கெட் சுத்தமாக வேலை செய்யவில்லை. வெயில் அடிக்கும் அலமாரியில் வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தும் வாங்கினது என் தவறு. தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், நிழலில் வைத்திருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் வரப்புக்கு அந்தப்பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் ஒரு அக்காவின் மல்பெரித் தோட்டம். 1901-ல் ஜப்பானில் இஷிவாத்தா இந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததே செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுவில்தான். நம் புழுவைக் கொல்வது அவர்கள் புழுவையும் கொல்லும். "அக்கா, நாளைக்கு மருந்து அடிக்கிறேன், இந்த ஓரத்து இலையைப் பறிக்காதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். காற்றில்லாத பொழுது பார்த்து அடித்தேன். வரப்போரம் ஆறு வரிசைக்கு மருந்தே இல்லை, குனிந்து குனிந்து கையால் பொறுக்கினேன், இடுப்பு போய்விட்டது. அடுத்த வாரம் அக்கா வீட்டுப் புழுவெல்லாம் நல்லபடியாகக் கூடு கட்டச் சந்திரிகைத் தட்டில் ஏறியது.