பத்து வயது தாண்டிய காருக்கு ஆயில் மாற்ற: கம்பெனி சர்வீஸா, தெருமுனை மெக்கானிக்கா?

உத்தரவாதக் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு குடும்பக் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றும் வேலையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டு நகரங்களில் இன்று நான்கு விடைகள் கிடைக்கின்றன. கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர், எல்லா நிறுவனக் கார்களையும் பார்க்கும் கிளை வைத்த சர்வீஸ் கடைகள், வீட்டு வாசலுக்கே வந்து மாற்றித் தருபவர்கள், பல ஆண்டுகளாக நாம் வண்டியை விட்டுவரும் மெக்கானிக் ஆகியோரே அந்த நால்வர். இவர்களை ஒப்பிட, 2010-இல் கே10 எஞ்சினுடன் வந்த மாருதி வேகன் ஆர் காரை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். இன்னும் ஏராளமான வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வண்டியின் தேவை மிக எளிமையானது: ஏறத்தாழ 3 லிட்டர் 5டபிள்யூ-30 ஆயில் (இந்த எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை), கைக்குள் அடங்கும் ஒரு ஃபில்டர், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் நட்டுக்கு ஒரு புது வாஷர்.

கம்பெனி சர்வீஸை விட்டு வெளியே போனால் ஏதோ தவறு செய்கிறோம் என்ற தயக்கம் பலருக்கு இன்னும் இருக்கிறது. புதிய வண்டியில் உத்தரவாதம் போய்விடுமோ என்று அஞ்சுவதில் பொருள் உண்டு. பதினைந்து வயதை நெருங்கும் வண்டியில் இழப்பதற்கு அப்படி எதுவும் இல்லை. அசல் உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்ததை இங்கே நினைவுகூரலாம். இப்போதோ இந்த எஞ்சினுக்கான அசல் ஃபில்டரை, அதிகபட்ச விலை அச்சிட்ட உறையோடு, மாவட்டத் தலைநகரங்களின் உதிரிபாகக் கடைகளிலும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் யாரும் வாங்கலாம். ஆகவே அசல் பொருள் கிடைப்பது கம்பெனி சர்வீஸுக்கு மட்டுமே உரிய சிறப்பு அல்ல.

அதற்கு உரிய உண்மையான சிறப்புகள் இரண்டு. முதலாவது, பதிவேடு: ஒவ்வொரு வருகையும் கிலோமீட்டரோடு கணினியில் ஏறிவிடுவதால், வண்டியை விற்கும்போது வாங்குபவரின் பாதிச் சந்தேகங்கள் பேசாமலேயே தீர்ந்துவிடுகின்றன. இரண்டாவது, அந்த எஞ்சினுக்கு எந்தத் தர ஆயில், எவ்வளவு என்பது யாருடைய நினைவாற்றலையும் சாராமல் எழுத்தில் இருக்கிறது. ஆயினும் புதிய மாடல்கள் 0டபிள்யூ-16 போன்ற மிக மெல்லிய ஆயிலுக்கு மாறிவிட்ட இக்காலத்தில், பேரலிலிருந்து குழாய்வழி பிடித்து ஊற்றும் இடங்களில், நம் வண்டிக்கு எந்த ஆயில் என்பதை, செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்வதே நல்லது.

இவ்வழியின் பெருங்குறை, ஆயில் மாற்றச் சென்றவர் ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்புவது அரிதாக இருப்பதுதான். எஞ்சின் ஃப்ளஷ் (மருந்து ஊற்றி எஞ்சினின் உட்புறத்தைக் கழுவுவது), டீகார்பனைசிங், ஏசி கிருமிநீக்கம், எலி விரட்டி மருந்து, அடிப்பாகப் பூச்சு என்று சர்வீஸ் அட்வைசர் அடுக்கும் பட்டியலில் பெரும்பாலானவை வண்டியின் தேவையைவிடக் கிளையின் மாத இலக்கோடு நெருங்கிய உறவுடையவை. அவற்றுள் ஃப்ளஷ் ஒன்றை மட்டும், பழைய எஞ்சினைப் பொறுத்தவரை, வெறும் வீண்செலவு என்று சொல்லி விட்டுவிட முடியாது; அது கெடுதலாகவே முடியலாம். ஆண்டுக்கணக்கில் படிந்த கசடு திடீரென்று கரைந்து பெயர்ந்தால், அது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில் உள்ள சல்லடையை அடைத்து ஆயில் அழுத்தத்தையே குறைத்துவிடும் அபாயம் இருக்கிறது. கசடு உள்ள எஞ்சினுக்கு நல்ல ஆயிலைச் சற்று முன்கூட்டியே இரண்டு முறை மாற்றுவது அதைவிடப் பாதுகாப்பான வைத்தியம். மேலும், வண்டியின் அடியில் நிற்பவர் ஒருவர், நம்மிடம் பேசுபவர் வேறொருவர் என்பதால், அடியில் கண்டது நம் காதுக்கு வரும்போது பெரும்பாலும் ஒரு விலைப்பட்டியலாகவே வருகிறது.

கிளை வைத்த பொதுச் சர்வீஸ் கடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விலை முன்கூட்டியே தெரியும், பில் கிடைக்கும், காத்திருந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனத்தின் ஆயிலைத்தான் ஊற்றுவார்கள். வேலையின் தரம் பெயர்ப்பலகையைவிட அந்தந்தக் கிளையில் இருக்கும் தலைமை மெக்கானிக்கைப் பொறுத்தது. அவரும் அடுத்த ஆண்டு அங்கே இருப்பார் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து மாற்றித் தருபவர்களின் சேவை, வண்டியை எடுத்துச் செல்ல ஆளில்லாத முதியவர்களுக்கு உண்மையிலேயே உதவியானது. எனினும் அவர்களில் பலர் வண்டியைத் தூக்குவதில்லை; ஆயில் அளவைப் பார்க்கும் டிப் ஸ்டிக் போகும் குழாய்வழியே ஒரு மெல்லிய குழலைச் செலுத்திப் பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்கிறார்கள். குழல் சம்பின் அடிமட்டத்தைத் தொடும் வண்டிகளில் ஏறக்குறைய முழு ஆயிலும் வந்துவிடும். தொடாத வண்டிகளில் அடியில் தங்கிய கறுத்த கசடு புது ஆயிலோடு மறுபடியும் சுற்றத் தொடங்கும். அதைவிட முக்கியமாக, அடிப்பக்கத்தை யாருமே பார்க்காமல் அந்த ஆண்டு கழிந்துவிடுகிறது. புதிய காருக்கு அது பொருட்டில்லை. பழைய காருக்கு அதுதான் பெரிய இழப்பு.

ஏனென்றால் இந்த வயதில் ஆயில் மாற்றுவது என்பது, செயலளவில், வண்டிக்கு ஆண்டில் ஒருமுறை நடக்கும் முழுப் பரிசோதனை. குழியின்மீது நிறுத்திய வண்டியின் அடியில் விளக்கோடு இறங்கும் மெக்கானிக், ட்ரெயின் நட்டைக் கழற்றி ஆயில் வடியக் காத்திருக்கும் கால் மணி நேரத்தில், டேப்பட் கவர் பேக்கிங்கிலிருந்து ஒழுகிய தடம், கிராங்க் ஆயில் சீல் ஈரம், கிழியத் தொடங்கிய ஆக்சில் பூட், துருப்பிடித்த சைலன்சர் இணைப்பு ஆகிய எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார். சென்ற ஆண்டும் அதே இடத்தைப் பார்த்தவர் அவரே என்பதால், “இந்தக் கசிவு போன தடவை இருந்ததுதான், கூடவில்லை, விடுங்க சார்” என்று அவரால் சொல்ல முடிகிறது. கசிவு இருக்கிறதா என்பதை எந்தப் பட்டறையும் சொல்லும். அது கூடியிருக்கிறதா என்பதைச் சொல்லத் தொடர்ந்து பார்த்த கண் வேண்டும். என் கணக்கில் இந்த ஒரு காரணமே மற்ற மூன்று வழிகளின் வசதிகளைவிடக் கனமானது.

ஆனால் மெக்கானிக்கிடம் போவதிலேயே இரண்டு வகை உண்டு. ஆயிலையும் அவரே வாங்கி ஊற்றுவது ஒன்று, ஆயிலையும் ஃபில்டரையும் நாம் வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் தருவது மற்றொன்று. இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். பெயர்பெற்ற நிறுவனங்களின் டப்பாவில் போலி ஆயில் நிரப்பி விற்பது இந்நாட்டில் புதிய செய்தி அல்ல. அதில் மெக்கானிக்கே ஏமாற்றப்படுவதும் உண்டு. எண்ணெய் நிறுவனத்தின் பெட்ரோல் பங்கிலோ, பில் தரும் பெரிய கடையிலோ, சீல் உடையாத டப்பாவை நாமே வாங்கினால் அந்தக் கவலை பெருமளவு தீர்கிறது. அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ வகுத்த எஸ்என் அல்லது அதற்குப் பிந்தைய எஸ்பி தரம் டப்பாவில் குறிக்கப்பட்டிருந்தால் இந்த எஞ்சினுக்குத் தாராளமாகப் போதும். பழைய டப்பாவை மறுபடி நிரப்பி விற்க முடியாதபடி, காலியானதும் வாங்கிக்கொண்டு துளையிட்டு எறிவது நல்ல பழக்கம்.

மெக்கானிக்கிடம் இரண்டு இடங்களில் மட்டும் நாம் விடாப்பிடியாக இருக்க வேண்டும். “பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்” என்று 20டபிள்யூ-40 ஊற்ற அவர் விரும்பலாம். 796 சிசி எஞ்சின் கொண்ட பழைய மாருதி 800 காலத்து அனுபவம் அது. கே10 போன்ற எஞ்சின்களின் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி குறைவு. ஆயில் குடிக்காமலும் நீலப்புகை விடாமலும் இருக்கும் வரை கையேட்டில் உள்ள 5டபிள்யூ-30 என்பதிலிருந்து விலகக் காரணமில்லை. அடுத்தது அளவு. கடைகளில் மூன்றரை லிட்டர் டப்பா பரவலாகக் கிடைப்பதால், மிச்சம் எதற்கென்று முழுவதையும் கவிழ்த்துவிடும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அளவு மீறினால், எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அந்த ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயில் சரியாக மசகு போடாது. பலவீனமான சீல்கள் கசியவும் தொடங்கும். டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தச் சொல்லி, மிச்சத்தை டாப்-அப்புக்காக வீட்டுக்கு எடுத்துவந்துவிடலாம்.

கால இடைவெளியிலும் இவர்கள் வேறுபடுகிறார்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முன்போ அது என்பது நிறுவனக் கணக்கு. பல மெக்கானிக்குகள் ஐந்தாயிரத்திலேயே மாற்றச் சொல்வார்கள். பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டுமே ஓடி ஆண்டுக்கு நான்காயிரத்தைத் தாண்டாத வண்டிக்கு இந்த விவாதமே தேவையில்லை. எஞ்சின் முழுச் சூட்டை எட்டும் முன்பே அணைக்கப்படும் குறுகிய ஓட்டங்களில் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து தங்கிவிடுவதால், கிலோமீட்டர் எவ்வளவு ஆனாலும் ஆண்டுக்கொருமுறை மாற்றியே ஆக வேண்டும். வெள்ளநீர் எஞ்சினுக்குள் புகுந்த வண்டி மட்டும் இக்கணக்குகள் எதிலும் சேராது: டிப் ஸ்டிக்கில் ஆயில் பால்காபி நிறத்தில் தெரிந்தால், ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச்சென்று மாற்றுவதே வழி.

கம்பெனி சர்வீஸ் தெளிவாக முந்தும் இடம் பழைய ஆயிலை அப்புறப்படுத்துவது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். பெரிய சென்டர்களில் அதற்கென ஏற்பாடு உண்டு. சிறு பட்டறையில் அது பேரலில் சேர்கிறதா, சாக்கடையில் கலக்கிறதா என்று நேரில் பார்த்து, சாக்கடை என்றால் வேறு மெக்கானிக்கைத் தேடிக்கொள்ளலாம்.

ஆக, பெட்ரோல் வண்டிக்கு என் தேர்வு நாம் வாங்கிய ஆயிலும் குழி வைத்திருக்கும் பழகிய மெக்கானிக்கும்தான். ஓரிரு ஆண்டுக்குள் விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பதிவேட்டுக்காகக் கம்பெனி சர்வீஸ். பழைய ஸ்விஃப்டில் வந்த 1.3 லிட்டர் ஃபியட் டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்க உதவும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவதால், தரமோ தவணையோ தவறினால் செயினே தளர்ந்துவிடும். அந்த எஞ்சினை நன்கறிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லாதவர்கள், கூடுதல் செலவானாலும், ஜாப் கார்டில் ஆயில் மற்றும் ஃபில்டர் மட்டும் என்று எழுதச் சொல்லி கம்பெனியிலேயே மாற்றிக்கொள்ளலாம்.