சூஸ் எ லைசென்ஸ்: வெப்மெயில் மென்பொருள் எழுதுகிறவர் முகப்போடு நின்றுவிடக் கூடாத தளம்

எழுதிய மென்பொருளுக்குத் திறந்த மூல உரிமம் தேர்ந்தெடுக்க உதவும் தளம் சூஸ் எ லைசென்ஸ் டாட் காம். நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நடத்துகிறது, 2013 முதல் இருக்கிறது. விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, வக்கீல் மொழியும் இல்லை. கட்டளைவரிக் கருவியோ சின்ன லைப்ரரியோ (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) எழுதியவருக்கு ஐந்து நிமிடத்தில் உரிமம் கைக்கு வந்துவிடும். வெப்மெயில் (உலாவியிலேயே அஞ்சல் படிக்கவும் எழுதவும் உதவுவது) மாதிரி சர்வரில் ஓடுகிற மென்பொருளுக்குத்தான் இதன் முகப்பு சரியாக வழிகாட்டவில்லை.

முகப்பில் மூன்று வழிகள். ஏற்கெனவே இருக்கும் ஒரு திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால் அங்குள்ள உரிமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எளிமைதான் வேண்டும் என்றால், கட்டுப்பாடு மிகக் குறைந்த எம்ஐடி உரிமம். மேம்பாடுகள் திரும்ப எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றால் ஜிபிஎல் 3. சிக்கல் இந்த மூன்றாவதில்தான். மூலநிரலையும் தர வேண்டும் என்று ஜிபிஎல் விதிக்கும் கடமை, நிரலின் பிரதியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதுதான் தொடங்குகிறது. வெப்மெயிலை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை; சர்வரில் ஏற்றிவிட்டு உலாவி வழியாகப் பயன்படுத்த விடுகிறார்கள். ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் உங்கள் நிரலை எடுத்து, தேடலையும் வடிகட்டியையும் மாற்றி எழுதி, லட்சம் பேருக்குச் சேவையாக விற்கலாம். மாற்றிய சர்வர் நிரலில் ஒரு வரிகூட வெளியே காட்ட வேண்டியதில்லை. ஜிபிஎல்லுக்கு இந்தத் தளம் தரும் எடுத்துக்காட்டுகள் ஆன்சிபிள், பாஷ், கிம்ப். மூன்றும் பயன்படுத்துகிறவர் தன் கணினியில் நிறுவிக்கொள்பவை.

உலாவிக்குப் போகும் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் இதற்கு விலக்கு. அது பயனரின் கணினிக்கு இறங்குவதால் பிரதி கொடுத்த கணக்குத்தான். ஆக ஜிபிஎல் போட்ட வெப்மெயிலில் முன்பக்க நிரலுக்குச் சுருக்காத மூலம் கேட்கலாம். பின்னால் ஓடும் பிஎச்பியையோ பைதானையோ கேட்க முடியாது. இதைப் பற்றித் தளத்தில் ஒரு குறிப்பாவது இருந்திருக்கலாம்.

பொருத்தமான உரிமம் ஒரு கிளிக் தள்ளி இருக்கிறது. எல்லா உரிமங்களையும் காட்டும் பக்கத்தில் முதலில் நிற்பதே ஏஜிபிஎல் 3: மாற்றிய நிரலைச் சர்வரில் ஓட்டிப் பயன்படுத்த விட்டாலே மூலத்தைத் தரச் சொல்லும் ஜிபிஎல் வகை. பச்சை, நீலம், சிவப்புப் புள்ளிகளில் அனுமதி, நிபந்தனை, வரம்பு மூன்றையும் பிரித்துக் காட்டும் முறை உண்மையிலேயே நல்ல வேலை. ஆனால் வலைவழிப் பயன்பாடும் விநியோகமே என்ற அந்த நீலப் புள்ளியை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர், நிரலை நிறுவுகிற எல்லோருமே மூலத்தைத் தர வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். உரிமத்தின் 13ஆம் பிரிவு நிரலை மாற்றியவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. சர்வரில் கிடக்கும் அஞ்சல்களையோ கடவுச்சொற்களையோ யாரும் கேட்கவில்லை. அவற்றையும் தர வேண்டியிருக்குமோ என்ற பயம் நிர்வாகிகளிடம் பரவலாக உண்டு.

13ஆம் பிரிவை மீறாமல் இருக்க, நிரலை எழுதும்போதே ஒரு வேலை செய்யலாம். நுழைவுப் பக்கத்தின் அடியில் மூலநிரல் இணைப்பை வையுங்கள், அதன் முகவரியை கான்ஃபிக் கோப்பில் மாற்றும்படி விடுங்கள். உங்கள் களஞ்சியத்தின் முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், நிரலை மாற்றி ஓட்டுகிறவர் தெரியாமலேயே உங்கள் பழைய நிரலைக் காட்டிக்கொண்டிருப்பார். அவர் தர வேண்டியது அவருடைய பதிப்பு. இணைப்பு, ஓடிக்கொண்டிருக்கும் கமிட்டையே (களஞ்சியத்தில் பதிவான அந்தக் குறிப்பிட்ட நிலையையே) சுட்டினால் இன்னும் நல்லது.

தளத்தின் பெரிய ஓட்டை, சார்ந்திருக்கும் லைப்ரரிகளைப் பற்றிக் கேட்காதது. வெப்மெயிலில் இது தப்பவே தப்பாது. அஞ்சல் எழுத ஒரு எடிட்டர் வேண்டும்: டைனிஎம்சிஇ 6 எம்ஐடியில் இருந்தது, 7ஆம் பதிப்பு ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது. உங்கள் கோப்புகளுக்கு எம்ஐடி போட்டுவிட்டு எடிட்டரை மட்டும் 7க்கு உயர்த்தினால், மொத்தப் பொதியும் ஜிபிஎல் விதிப்படிதான் வெளியே போக முடியும். எச்டிஎம்எல் அஞ்சலைச் சுத்தம் செய்யும் டாம்ப்யூரிஃபை, அப்பாச்சி 2.0 அல்லது எம்பிஎல் 2.0 என்ற இரண்டு உரிமங்களில் ஒன்றில் கிடைக்கிறது; தன் நிரலுக்கு ஜிபிஎல் 2 மட்டும் என்று போட்டவருக்கு அப்பாச்சி ஒத்துவராது, எம்பிஎல் பக்கம்தான் காப்பாற்றும். அஞ்சலை மறையாக்கும் ஓபன்பிஜிபி ஜேஎஸ், ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல் 3 என்பதால், ஜிபிஎல் 2 மட்டும் போட்ட நிரலில் அதைச் சேர்க்கவே முடியாது. ஏஜிபிஎல் 3 எடுத்தால் இந்த மூன்றும் பிரச்சினையில்லாமல் உள்ளே வரும். முதலில் சார்புப் பட்டியல், பிறகு உரிமம் என்பதே சரியான வரிசை.

பிளகின் (கூடுதல் வசதி சேர்க்கும் தனி நிரல்) பற்றியும் தளம் பேசாது. ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் ஜிபிஎல் 3இல் இருந்தாலும், தோற்றத்தை மாற்றும் ஸ்கின்களுக்கும் பிளகின்களுக்கும் தனி விலக்கு எழுதி வைத்திருக்கிறது. அந்த விலக்கு இல்லையென்றால், பிளகின் எழுதுகிறவர் தன் நிரலுக்கும் ஜிபிஎல் ஒட்டுமா என்று குழம்பி ஒதுங்கிவிடுவார். அப்படி விலக்குத் தருவதானால் தனிக் கோப்பில் எழுதுங்கள். உரிம உரைக்குள் செருகினால் கிட்ஹப் அதை அடையாளம் காணாமல் வேறு ஏதோ உரிமம் என்று காட்டக்கூடும்.

ஏஜிபிஎல்லுக்கு விலையும் உண்டு. கூகுள் தன் நிறுவனத்துக்குள் அதை அனுமதிப்பதில்லை என்று வெளிப்படையாகவே கொள்கை வைத்திருக்கிறது. அதே வழியில் நடக்கும் நிறுவனங்கள் பல. உங்கள் வெப்மெயில் ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகைகளோடு சேர்ந்து எங்கும் பரவுவதுதான் குறிக்கோள் என்றால் ரவுண்ட்கியூப் போன வழி போதும். மெயில்பைல், ஸ்னாப்பிமெயில் என்ற வெப்மெயில்கள் இரண்டும் ஏஜிபிஎல்லில் நிற்கின்றன. சேவையாக விற்கிறவரிடமிருந்து மாற்றங்கள் திரும்ப வர வேண்டும் என்றால் அதுதான் என் தேர்வும்.

உரையை நகலெடுக்கும் பொத்தானும் எங்கே ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும் பிழையில்லாதவை. ஆனால் உரையை ஒட்டியதோடு வேலை முடியாது. 3ஆம் பதிப்பு மட்டுமா, பிந்தையதும் சேருமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் எஸ்பிடிஎக்ஸ் (உரிமத்தைச் சுட்டும் பொதுக் குறியீடு) வரியாகவும், சார்புகளைப் பட்டியலிடும் கம்போசர் அல்லது என்பிஎம் கோப்பின் உரிமப் புலத்திலும் அதை எழுதுங்கள். வெளியார் அனுப்பும் முதல் நிரல் மாற்றத்தை ஏற்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு உரிமத்தை மாற்ற நினைத்தால், நிரல் கொடுத்த ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும்.