பினாங்குத் தீவை மிதிவண்டியில் சுற்ற: வலமா, இடமா?

பினாங்குத் தீவை மிதிவண்டியில் ஒரே நாளில் சுற்றிவர ஏறக்குறைய 70 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். ஜோர்ஜ்டவுனிலிருந்து பத்து பெரிங்கி, தெலுக் பஹாங், பாலேக் பூலாவ், தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் வழியாகத் திரும்புவது இடச்சுற்று. இதையே ஜோர்ஜ்டவுனிலிருந்து தெற்கு நோக்கித் தொடங்கி, கோயிலை வலம் வருவதுபோலத் தீவை வலக்கைப் பக்கம் வைத்து வருவது வலச்சுற்று. கோலாலம்பூரிலிருந்து சென்ற நாங்கள் இருவரும் இடச்சுற்றையே முடிவு செய்திருந்தோம். வெயில் ஏறுவதற்குள் பெரிய மலையை முடித்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு.

அந்தக் கணக்கை மாற்றியவர், ஜோர்ஜ்டவுனின் லெபோ பசார் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வாழை இலை இறக்க வந்த அண்ணன் ஒருவர். பாலேக் பூலாவிலிருந்து அன்றாடம் வேன் ஓட்டி வருபவர். முன்சக்கரத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "தம்பி, மலை எங்கேயும் போயிடாது. பாயான் லெப்பாஸ் ரோடுதான் மணிக்கு மணி மாறும். வேலைக்குப் போறவங்க கிளம்புறதுக்குள்ள தாண்டிடுங்க" என்றார்.

1972இல் தொடங்கிய தொழில்வட்டாரம் அங்கே இருப்பதால், வேலைநாளில் காலையும் மாலையும் அந்தச் சாலை நிரம்பி வழிகிறது. இடச்சுற்றில் களைத்த கால்களோடு மாலை நெரிசலில் போய்ச் சிக்குவோம். வலச்சுற்றில் 5.30 மணிக்குப் புறப்பட்டு, துன் டாக்டர் லிம் சொங் யூ நெடுஞ்சாலையை ஒட்டிய கடலோர மிதிவண்டிப் பாதையில் நிம்மதியாகத் தெற்கே போய்விடலாம். பொழுது விடிய ஏறக்குறைய 7 மணி ஆகும் என்பதால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

என்னை முழுமையாக மாற்றியது நெரிசலைவிட நிழல்தான். வலச்சுற்றில் தெலுக் கும்பாருக்கு அப்பாலுள்ள புக்கிட் கெந்திங் ஏற்றம் காலைக் குளிர்ச்சியிலேயே முடிந்துவிடுகிறது. பாலேக் பூலாவில் பசியாறிவிட்டு, சுங்கை பினாங்கு வரையிலான சமதரையைக் கடந்து, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் தித்தி கெராவாங் ஏற்றத்தைத் தொடும்போது, இருபுறமும் டுரியான் தோட்டங்களும் காடும் சாலைமீது கவிந்திருக்கின்றன. இடச்சுற்றில் அந்த நிழலைக் குளிர்ந்த காலையிலேயே செலவழித்துவிட்டு, பிற்பகல் முழுவதும் திறந்த சாலையில் வேக வேண்டியிருக்கும். பாயா தெருபோங் பக்கமிருந்து ஜாலான் துன் சர்டோன் வழியாகத் தீவைக் குறுக்கே கடக்கும் மூன்றாவது வழியும் உண்டு. பை கட்டிய சைக்கிளுக்கு அந்த மலையேற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பத்து பெரிங்கியின் வளைவுகளில்தான் கணக்கு சற்றுக் குழம்புகிறது. மலேசியாவில் இடப்பக்கமாகச் செல்வதால், வலச்சுற்றுக்காரருக்குக் கடல் கைக்கெட்டும் பக்கத்தில் இருக்கும். சாலையைக் குறுக்கே கடக்காமல் எங்கும் நின்று பார்க்கலாம். ஆனால் குறுகலான அந்தச் சாலையின் ஏற்ற இறக்கங்கள் 50 கிலோமீட்டருக்கும் மேல் மிதித்த பிறகு வருகின்றன. சனி, ஞாயிறு பிற்பகல் என்றால் விடுமுறைக் கார்களும் சேர்ந்துகொள்ளும். அந்த இரு நாள்களில் தொழிற்சாலை நெரிசலும் குறைவு என்பதால், வார இறுதிக்கு எங்கள் பழைய திட்டமாகிய இடச்சுற்றே மேல் என்பேன்.

நாங்கள் போனது புதன்கிழமை. அண்ணன் சொன்னபடியே வலமாகச் சென்றோம். பாலேக் பூலாவில் லக்சா என்னும் நூடுல்ஸுக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டதால், தித்தி கெராவாங்கைத் தாண்டியதும் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. செப்டம்பர், அக்டோபரில் அங்கே மழை அதிகம். ஆகவே வலமாகச் செல்பவர் நண்பகலுக்குள் உச்சியை எட்டிவிடுவது நல்லது. ஈர இலைகள் ஒட்டிக் கிடந்த சாலையில், தெலுக் பஹாங் அணை கண்ணில் படும்வரை முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்தே இறங்கினோம்.