பழைய படம் பார்க்க: டவுன் தியேட்டரா, மால் மல்டிபிளெக்ஸா, வீட்டு டிவியா?

பழைய படங்கள் மெருகேறி மறுபடி தியேட்டருக்கு வரத் தொடங்கியதும் எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சிவாஜி, எம்.ஜி.ஆர். படங்களைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். வேலூர் டவுனுக்குள் ஒரே திரையோடு இருக்கும் பழைய தியேட்டர், மால் மல்டிபிளெக்ஸ், வீட்டு டிவி என்று மூன்று வழி. நான் டவுன் தியேட்டர் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிவியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். செலவில்லை, படுத்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால் யூடியூபில் கிடைக்கும் பிரதி பெரும்பாலும் மங்கல், மூலையில் லோகோ, பாட்டு தொடங்கும் நேரம் பார்த்து விளம்பரம்.

மாலில் டிக்கெட்டும் பாப்கார்னும் விலை கூட என்பது ஊருக்கே தெரியும். இருக்கை, ஏசி, கழிப்பறை மூன்றிலும் மால்தான் மேல். டவுன் தியேட்டரில் கூட்டம் குறைந்தால் ஏசியை நிறுத்தி ஃபேன் போட்டுவிடுகிறார்கள். மே மாத வேலூர் வெயிலில் மேட்னி போகிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம்: படத்தின் அளவு. தமிழில் சினிமாஸ்கோப், அதாவது அகலத் திரைப் படம், வந்தது 1973-ல், 'ராஜராஜ சோழன்' படத்தோடு. அதற்கு முந்தைய படங்கள் கிட்டத்தட்ட சதுரம். உயரம் 1 என்றால் அகலம் 1.37. ஸ்கோப் திரையோ 2.39. பழைய படத்தை அதன் அளவிலேயே போட்டால் திரையின் அகலத்தில் சுமார் 57 சதவீதம்தான் நிரம்பும், இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். ஒழுங்காகத் தயாரித்த டிஜிட்டல் பிரதியில் இந்தப் படம் 'பிளாட்' எனப்படும் 1.85 அளவுக்குள் கறுப்பு ஓரத்தோடு உட்கார்ந்திருக்கும். புரொஜெக்டரில் பிளாட்டுக்கு ஒரு செட்டிங், ஸ்கோப்புக்கு ஒன்று. பிளாட் படத்தை ஸ்கோப் செட்டிங்கில் போட்டால் படத்தின் மேலும் கீழும் திரைக்கு வெளியே போய்விடும். குளோசப்பில் நெற்றி இருக்காது, நடனத்தில் பாதம் இருக்காது. சில இடங்களில் இழுத்து நிரப்பியும் விடுகிறார்கள். அப்போது கதாநாயகி முகம் பூரி மாதிரி உப்பிவிடும்.

இந்தத் தவறு இரண்டு இடத்திலும் நடக்கும். யாரிடம் போய்ச் சொல்வது என்பதில்தான் வித்தியாசம். மல்டிபிளெக்ஸில் முன்கூட்டியே போட்டு வைத்த அட்டவணைப்படி கணினியே படத்தை ஓட்டுகிறது. வாசலில் நிற்கும் பையனிடம் சொன்னால் "மேனேஜர்கிட்ட சொல்றேன் சார்" என்பான். அதற்குள் இடைவேளை வந்துவிடும். டவுன் தியேட்டரில் பெரியப்பா நேராக மாடி ஏறி ஆபரேட்டரிடமே, "தலை வெட்டுதுப்பா, பிளாட்ல போடு" என்றார். அவர் இறங்கி வருவதற்குள் நெற்றி வந்துவிட்டது. "ஸ்கிரீன் ஃபுல்லா போடுணா" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரலும் வந்தது, அது தனிக் கதை.

ஒலியும் அப்படித்தான். பழைய மோனோ ஒலி நடு ஸ்பீக்கரில் மட்டும் வரும், அதனால் கொஞ்சம் அடங்கித்தான் கேட்கும். டவுன் தியேட்டரில் வசனம் கேட்கவில்லை என்று கத்தினால் சத்தத்தைக் கூட்டுவார்கள்.

எல்லாவற்றையும் ஆபரேட்டர் தலையில் கட்ட முடியாது. 1964-ல் வந்த 'கர்ணன்' 2012-ல் மெருகேறி வந்தபோது சினிமாஸ்கோப்பாக மாற்றப்பட்டே வந்தது. சென்னையில் நூறு நாள் தாண்டி ஓடிய பிரதி அது. இப்படி அகலத் திரைக்காகப் பிரதியிலேயே மேலும் கீழும் வெட்டிவிட்டால் எந்தத் தியேட்டரில் பார்த்தாலும் ஒன்றுதான்.

மாலில் நான் பழைய படம் அதிகம் பார்த்ததில்லை, அதனால் அங்கே எப்போதும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். டவுன் தியேட்டருக்கும் நாங்கள் பகல் காட்சிக்கே போவது வழக்கம். இரவுக் காட்சிக்குக் குடும்பத்தோடு போகலாமா என்று போய் வந்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2024-ல் மறுபடி வந்த 'கில்லி' மாதிரி ஸ்கோப்பிலேயே எடுத்த படமென்றால் இவ்வளவு யோசனையே வேண்டாம். ஏசி நன்றாக இருக்கிற இடத்துக்குப் போங்கள்.