போஸ்ட்கிரெஸ்: நல்ல டேட்டாபேஸ்தான், ஆனா வேக்யூம் பத்தி தெரிஞ்சிட்டு வாங்க

ஓசில கிடைக்குதுன்னு போஸ்ட்கிரெஸ்ஸ இளக்காரமா பாக்கறவங்க இன்னும் இருக்காங்க. எனக்கு இதுதான் ஃபேவரிட், அதனாலயே கடுப்பேத்தற விஷயத்த மொதல்ல சொல்லிடறேன்.

ஒரு ரோவ அப்டேட் பண்ணா பழசு மேல எழுதாது, புதுசா ஒரு காப்பி எழுதிட்டு பழசையும் அதே டேபிள்ல போட்டு வெச்சிடும். இதனால ஒருத்தர் எழுதிட்டு இருக்கும்போதே இன்னொருத்தர் பழைய காப்பிய படிச்சிக்கலாம், படிக்கறவரும் எழுதறவரும் ஒருத்தருக்காக ஒருத்தர் காத்து கெடக்க வேணாம், செம. ஆனா செத்த ரோவெல்லாம் யாரு அள்றது? அதுக்குதான் வேக்யூம்ங்கற சுத்தம் பண்ற வேலை.

1986ல பெர்க்லி யுனிவர்சிட்டில புரொஃபசர் ஸ்டோன்பிரேக்கர் டீம் போஸ்ட்கிரெஸ்ஸ ஆரம்பிச்சப்ப பழைய டேட்டாவ வெச்சிருந்தா போன மாசம் டேபிள் எப்படி இருந்துச்சுன்னு கூட கேக்கலாம்னு ஐடியா. அந்த வசதிய அப்புறம் தூக்கிட்டாங்க, ஸ்டோரேஜ் டிசைன் மட்டும் தங்கிடுச்சு. ஆரக்கிள் டேட்டாபேஸும், மைசீக்வெல் டேட்டாபேஸோட ஸ்டோரேஜ் இன்ஜினான இன்னோடிபியும் பழைய வெர்ஷன டேபிளுக்கு வெளிய அன்டூன்னு ஒரு தனி எடத்துல வெச்சிக்கும், அதனால அங்க இந்த தலைவலி இந்த ரூபத்துல வராது.

தானா ஓடற ஆட்டோவேக்யூம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, ஆனா டீஃபால்ட் செட்டிங்ல சுமார் 20 சதவீதம் ரோ செத்தாதான் அது எழுந்திரிக்கும். பத்து கோடி ரோ இருக்கற டேபிள்னா ரெண்டு கோடி பொணம் சேரணும்! பெரிய டேபிளுக்கு அந்த நம்பர கொறைச்சி வைங்க. எவனாவது ஒரு டிரான்சாக்‌ஷன ஓப்பன் பண்ணிட்டு டீ குடிக்க போயிட்டான்னா அத மூடறவரைக்கும், அதுக்கப்புறம் செத்தத அள்ளவே முடியாது, டேபிள் ஊதிகிட்டே போகும். வேக்யூம் ஃபுல் போட்டா எடம் திரும்ப வரும், ஆனா முடியறவரைக்கும் அந்த டேபிள படிக்க கூட விடாது.

அப்புறம் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி ப்ராசஸ், டீஃபால்ட் லிமிட் 100. கொஞ்சம் கனெக்‌ஷன வெச்சே நெறைய பேருக்கு பகிர்ந்து குடுக்கற பிஜிபவுன்சர முன்னாடி போட்டுடுங்க, அவ்ளோதான்.

இவ்ளோ திட்டியும் ஏன் விடலன்னா, டேபிள் அமைப்ப மாத்தற ஆல்டர் டேபிள் வேலை பாதில சொதப்பினா ரோல்பேக் அடிச்சி பழையபடி ஆக்கிக்கலாம், மைசீக்வெல்ல அது நடக்காது. ஜேசன் டேட்டாவ வெச்சிக்க 2014ல வந்த ஜேசன்பி, மேப் வேலைக்கு போஸ்ட்ஜிஐஎஸ், எல்லாம் ஒரே எடத்துல. ஒரு க்வெரி எப்படி ஓடுச்சு, எங்க நேரம் போச்சுன்னு எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் கமாண்ட் காட்டற விவரத்துக்கே தனியா ஒரு ஸ்டார் தரலாம்.

அஞ்சுக்கு நாலரை. ஒரே ஆள் யூஸ் பண்ற சின்ன ஆப்னா இதெல்லாம் வேணாம், ஒரே ஃபைல்ல அடங்கற எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் போதும்.