ஜனவரியில் போடும் தோட்ட ஒப்பந்தம்: சென்னை அலுவலக வளாகங்களுக்கு எந்த அளவு பயன்?

பொங்கலை ஒட்டி ஓ.எம்.ஆர்., கிண்டி, அம்பத்தூர் பக்கத்து அலுவலக வளாகங்களுக்குத் தோட்டப் பராமரிப்பு நிறுவனங்கள் கொட்டேஷனோடு வருகின்றன. ஒருநாள் வளாகத்தைச் சுற்றிப் பார்த்து, பன்னிரண்டு மாதத்துக்கும் வேலை அட்டவணை போட்டு, ஆண்டு ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தருகிறார்கள். வளாக மேலாளர்கள் தாராளமாக வாங்கலாம். செடி விஷயத்தில் நல்ல சேவை. தண்ணீர்க் கணக்கு கேட்டால்தான் கிடைக்கும். கவாத்து (கிளை வெட்டுதல்) அட்டவணையை மட்டும் திருத்தாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நேரம் சரியானதுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மிச்சமிருக்கிறது. கத்திரி வெயிலுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. தண்ணீர் தேங்கி அழுகிய புல், சாய்ந்த மரம், மண் அரித்து வெளியே தெரியும் வேர் எல்லாம் இப்போதுதான் கண்ணில் படும்.

வருபவருக்குத் தொழில் தெரியுமா என்பதை இட்லிப்பூச் செடி காட்டிக்கொடுத்துவிடும். கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. உப்புத் தண்ணீர், காரத்தன்மையுள்ள மண், சுவரோரம் புதைந்த சிமென்ட் கழிவு மூன்றும் காரணம். "யூரியா போடலாம்" என்பவரை அனுப்பிவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலை வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளித்து, பத்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை அடிக்க வேண்டும். தரையிலும் கல்லிலும் துருக்கறை படியும் என்று முன்கூட்டியே எச்சரிப்பவர் நல்ல தொழில்காரர்.

புல்தரைக்குச் செம்மண்ணும் தொழு உரமும் கலந்து தூவுவது எல்லா அட்டவணையிலும் இருக்கும். லோடு இறக்கும்போதே பாருங்கள். எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும்: குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியக் கூடாது, சாண வாடை அடிக்கக் கூடாது. மண்ணில் கோரைக் கிழங்கு கலந்து வந்துவிட்டால், மெஷின் ஓட்டி ஓட்டி வெட்டினாலும் கிழங்கு மண்ணுக்குள் இருந்து திரும்ப முளைக்கும்.

பெரும்பாலான கொட்டேஷன்கள் கோட்டை விடுவது தண்ணீரில்தான். ஒரு சதுர மீட்டருக்கு 1 மி.மீ. தண்ணீர் என்றால் 1 லிட்டர். கோடையில் புல்லுக்கு நாளுக்குச் சுமார் 5 மி.மீ. வைத்தால் 1,000 சதுர மீட்டருக்கு 5,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் இரண்டு நாளைத் தாண்டிக் கொஞ்ச நேரம்தான் வரும். எஸ்.டி.பி. (வளாகத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சனி, ஞாயிறு அலுவலகம் காலி, சுத்திகரித்து வரும் தண்ணீரும் குறைவு. புல்லுக்கோ அதே தாகம். அந்த இரண்டு நாளுக்குச் சேமிப்புத் தொட்டி போதுமா என்பது திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

டிரிப் (சொட்டுநீர்) குழாய்களையும் வளாகத்தைப் பார்க்க வரும் நாளிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பரின் (தண்ணீர் சொட்டும் முனை) அடியில் பாத்திரம் வைத்தால் 15 நிமிடத்தில் 1 லிட்டர் சேர வேண்டும். லைனின் முதல் டிரிப்பரிலும் கடைசி டிரிப்பரிலும் வைத்துப் பாருங்கள். கடைசியில் 900 மில்லிக்குக் கீழே போனால் அடைப்பு, அல்லது அழுத்தம் போதவில்லை. எஸ்.டி.பி. தண்ணீரில் வழவழப்பான பாசி படியும் என்பதால் 120 மெஷ் (வடிகட்டும் துளையின் நுண்மை அளவு) டிஸ்க் ஃபில்டர் வேண்டும், அதை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லைன் முனை மூடிகளைத் திறந்து தண்ணீரை ஓடவிட வேண்டும். இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் இல்லை என்றால் யாரும் செய்ய மாட்டார்கள்.

கவாத்துக்கு வருவோம். "ஜனவரி: மரங்களை முழுதாக வெட்டிச் சரிசெய்தல்" என்று அட்டவணையில் இருக்கும். ஆள் கிடைக்கும் மாதம் என்பதால் அவர்களுக்கு வசதி, வளாகத்துக்கு நஷ்டம். இப்போது கிளைகளை மொட்டையடித்தால் மே மாதம் பார்க்கிங்கில் நிழல் இருக்காது. அந்த இடத்தில் கொத்தாக வெடிக்கும் கிளைகளுக்குப் பிடிப்பு கிடையாது, புயலில் அவைதான் முதலில் முறியும். ஜனவரியில் பட்ட கிளை, முறிந்த கிளை மட்டும் போதும். காற்று ஊடுருவும்படி உள்கிளைகளைக் களைவது ஆகஸ்ட், செப்டம்பர் வேலை. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் குல்மோஹரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் ஏராளமாக விழுந்தன. இந்த மரங்கள் உள்ள வளாகத்தில், தூரை ஒட்டி டைல் பதித்திருந்தால் சுற்றிலும் ஒரு மீட்டராவது திறந்துவிடச் சொல்லுங்கள்.

பட்டுப்போன செடியை மாற்றித் தருவதாக எல்லோரும் சொல்வார்கள். எத்தனை நாளுக்குள், எந்த உயரச் செடி, தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் யார் பொறுப்பு என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். அதில் மூன்றாவதுதான் ஏப்ரலில் சண்டையில் முடியும்.